மூணு லட்சம் மிதி: பழைய ஈ-கிளாஸ் பிரேக் கன்ட்ரோல் யூனிட், ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய லக்சுரி கார்ல ஈசியூ, அதாவது காரோட வேலைகள கவனிக்குற எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி, போச்சுன்னு யாராவது சொன்னா நமக்கு வழக்கமா தோணுற காரணம் ரெண்டு மூணுதான். உள்ள இருக்க கெப்பாசிட்டர் வயசாகி கசிஞ்சு போர்டை அரிச்சிருக்கும், 1990கள் ஆரம்பத்துல வந்த லெக்சஸ் எல்எஸ்400ல இது ரொம்ப பிரசித்தம். இல்லன்னா மாட்யூலுக்குள்ள இருக்க மெல்லிசு ஒயர் சூட்டுலயும் அதிர்வுலயும் விட்டுப்போயிருக்கும், பிஎம்டபிள்யூ ஈ39 ஏபிஎஸ் யூனிட்ட கழட்டுனவங்களுக்கு இது தெரியும். அதுவும் இல்லன்னா தண்ணி இறங்கியிருக்கும். ஆனா இப்ப பாக்கப்போற யூனிட் இந்த கேஸ்லயே சேராது, போர்டு நல்லாருக்கும், வால்வு நல்லாருக்கும், பிரேக்கும் நல்லா பிடிக்கும், ஆனா ஒருநாள் காலைல அதுவே மீட்டர்ல செவப்பு எழுத்துல "என் காலம் முடிஞ்சுது, ஒர்க்‌ஷாப் போ"ங்கற அர்த்தத்துல ஒரு மெசேஜ் போட்டுட்டு உக்காந்துக்கும். கேட்டா, இத்தன தடவ மிதிச்சாச்சு, கணக்கு முடிஞ்சுதுங்கும்.

மெர்சிடஸ் பென்ஸோட சென்சோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல், சுருக்கமா எஸ்பிசி, அதத்தான் சொல்றேன். பாஷ் கம்பெனியோட சேந்து டெவலப் பண்ணது. 2001ல ஆர்230ங்கற மாடல் கோடு உள்ள எஸ்எல் ஸ்போர்ட்ஸ் கார்ல முதல்ல வந்துச்சு, 2002ல டபிள்யூ211 ஈ-கிளாஸ்ல ஸ்டாண்டர்டாவே போட்டுட்டாங்க, அப்புறம் மேபாக், 2004ல சிஎல்எஸ், எஸ்எல்ஆர் மெக்லாரன்னு போச்சு. எஸ்எல் வாங்குறவன் ஞாயித்துக்கிழமை ஓட்டுறவன், அதனால அங்க பெரிசா ஒண்ணும் வெளிய தெரியல. ஈ-கிளாஸ் அப்படி இல்ல, ஜெர்மனில ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வரிசையா நிக்குற டாக்ஸியே அதுதான். இந்த கேஸ்ல முக்கியமான முடிச்சு இங்கதான் விழுது, பின்னாடி வரேன்.

முதல்ல இது எப்படி வேல செய்யுதுன்னு பாத்துரலாம், இது புரியாம அந்த மிதிக் கணக்க பூஜ்யமாக்கி ரீசெட் பண்ணலாமா வேணாமான்னு பேசுறதுல அர்த்தமில்ல. சாதாரண கார்ல பெடல மிதிச்சா வேக்கம் பூஸ்டர் நம்ம கால் பலத்த பெருக்கி மாஸ்டர் சிலிண்டரத் தள்ளும், ஆயில் பிரஷர் நேரா வீல்ல பேட்ட டிஸ்க்குல அமுக்குற காலிப்பருக்கு போகும். எஸ்பிசில பூஸ்டரே கிடையாது. பெடல மிதிச்சா அது ஒரு சிமுலேட்டர் ஸ்பிரிங்கத்தான் அமுக்குது, அதாவது நம்ம காலுக்கு "பிரேக் மிதிக்கிறோம்"ங்கற உணர்வு வரணும்னு வச்சிருக்க ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். எவ்ளோ வேகமா எவ்ளோ தூரம் மிதிச்சோம்னு சென்சார் படிக்குது, ஈசியூ அத வாங்கி, வண்டி எந்த வேகத்துல இருக்கு, திரும்புதா நேரா போகுதான்னு பாத்து, நாலு வீலுக்கும் தனித்தனியா எவ்ளோ பிரஷர் குடுக்கணும்னு கணக்குப் போட்டு வால்வத் திறக்குது. பிரஷர் எங்கருந்து வருதுன்னா, மாடில தண்ணி டேங்க் இருக்குற மாதிரி ஒரு கேஸ் அக்குமுலேட்டர் இருக்கு, எலக்ட்ரிக் மோட்டார் வச்ச பம்ப் அதுல 140லருந்து 160 பார் வரைக்கும் பிரேக் ஆயில ஏத்தி வச்சுக்கும், மிதிக்கும்போது எடுத்துக் குடுக்கும், குறைஞ்சா திரும்ப மோட்டார் ஓடும்.

இதுக்கு ஏன் இவ்ளோ மெனக்கெட்டாங்கன்னா காரணம் இல்லாம இல்ல. ஆக்சிலேட்டர்லருந்து கால வெடுக்குன்னு எடுத்தீங்கன்னா, பிரேக்க தொடுறதுக்கு முன்னாடியே பேட்ட டிஸ்க் கிட்ட கொண்டுபோயிடும். மழையில வைப்பர் ஓடுதுன்னா அப்பப்ப நமக்கே தெரியாம பேட்ட லேசா தொட வச்சு டிஸ்க்குல தண்ணிய துடைச்சு விடும். டிராஃபிக்ல நிக்கும்போது தல முன்னாடி குத்தாம மெதுவா நிறுத்தும். 120 கிலோமீட்டர் வேகத்துல சடன் பிரேக் அடிச்சா நிக்குற தூரம் சுமார் 3 சதவீதம் குறையும்னு அவங்களே சொன்னாங்க. 3 சதவீதம்ங்கறது கேக்க சின்னதா இருக்கும், முன்னாடி லாரி நிக்கும்போது அது சின்னது இல்ல, ஒத்துக்குறேன். அந்த காலத்துல கார் உலகமே 42 வோல்ட்டுக்கு மாறப்போகுது, பிரேக்ல ஆயிலே இருக்காது எல்லாம் மோட்டார்தான்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, எஸ்பிசி அதுக்கான நடுப்படின்னு நெனச்சாங்க.

இந்த சிஸ்டம் எவ்ளோ வித்தியாசமானதுன்னு தெரிஞ்சுக்க ஓட்டவே வேணாம், நிறுத்தி வச்சிருக்க டபிள்யூ211 பக்கத்துல போய் ரிமோட்ல அன்லாக் பண்ணிட்டு காத கொடுங்க. போனட் பக்கத்துலருந்து "கிர்ர்ர்"னு ஒரு சத்தம் ரெண்டு செகண்ட் வரும், சாவியே போடல, கதவு கூட தொறக்கல, அதுக்குள்ள பம்ப் எழுந்து பிரஷர் ஏத்த ஆரம்பிச்சுடுச்சு. கேக்க அழகா இருக்கும். ஆனா பேட் மாத்துற மெக்கானிக்குக்கு இதே சத்தம்தான் எமன். வழக்கம்போல வீல கழட்டி, காலிப்பர் பிஸ்டன பின்னாடி தள்ளிட்டு, பேட்ட உருவிட்டு, விரல் உள்ள இருக்க நேரத்துல பக்கத்துல ஒரு பையன் சும்மா கதவ தொறந்தான்னா போதும், யூனிட் முழிச்சு செல்ஃப் டெஸ்ட் பண்ண அத்தன பிரஷரையும் அந்த பிஸ்டனுக்கு அனுப்பிடும், விரல் இருக்காது. அதனால இந்த வண்டில பேட் மாத்துறதுக்கு முதல் வேல ஸ்பேனர் எடுக்குறது இல்ல, ஸ்டார் டயக்னோசிஸ் மாதிரி ஒரு ஸ்கேனர மாட்டி எஸ்பிசிய டீஆக்டிவேட் பண்றதுதான், முடிஞ்சதும் அதுலயே ஆக்டிவேட் பண்ணனும். பிரேக் ஆயில் மாத்தி ஏர் எடுக்கறதுக்கும் அதேதான், பெடல மிதி விடு மிதி விடுன்னு கத்தி ஏர் எடுக்குற கத இங்க நடக்காது. நம்மூர்ல "பிரேக் வேலதான சார், அர மணி நேரம்"னு சொல்ற கடைல இந்த வண்டிய விடாதீங்க, இத திமிர்ல சொல்லல, அந்தப் பையனோட விரலுக்காக சொல்றேன்.

சரி, எலக்ட்ரானிக்ஸ் கைவிட்டா என்ன ஆகும்? ஐசோலேஷன் வால்வுன்னு ரெண்டு இருக்கு, கரண்ட் இருக்க வரைக்கும் மூடியிருக்கும், கரண்ட் போனா தானா தொறந்துக்கும், அப்ப பெடலுக்கும் முன் வீல் காலிப்பருக்கும் நேரடி ஆயில் தொடர்பு வந்துடும். முன்னாடி ரெண்டு வீல் மட்டும்தான், பூஸ்டரும் கிடையாது. சட்டப்படி பாத்தா பிரேக் இருக்கு. ஆனா 1600 கிலோவுக்கு மேல இருக்க வண்டிய, அதுவரைக்கும் பஞ்சு மாதிரி மிதிச்சு நிறுத்திட்டு இருந்த ஆள், திடீர்னு பெடல் பாதிக்கு மேல கீழ போய் கல்லா நின்னா என்ன நெனப்பான்? பிரேக் ஃபெயிலுன்னுதான் நெனப்பான், பதறிப்போய் காலையும் எடுத்துடுவான். முழு பலத்தையும் போட்டு மிதிச்சா நிக்கும்ங்கறது மேனுவல்ல இருக்கும், அந்த நேரத்துல மேனுவல யாரு படிக்கிறா.

இப்ப டாக்ஸிக்கு வரேன். சொந்த வண்டி பல வருஷத்துல மிதிக்குற பிரேக்க சிட்டி டாக்ஸி கொஞ்ச காலத்துலயே மிதிச்சு முடிச்சுடும். அதனால ஓட்டம் அதிகமான வண்டிகள்ள, முக்கியமா டாக்ஸில, சிஸ்டம் முன் வீல் ரெண்டு மட்டும் பிடிக்குற அந்த ஃபால்பேக் மோடுக்கு விழ ஆரம்பிச்சுச்சு. 2004 மே மாசம் உலகம் முழுக்க 6,80,000 கார திரும்ப கூப்பிட்டாங்க, ஈ-கிளாஸும் எஸ்எல்லும். அது ஆறுறதுக்குள்ள 2005 மார்ச் கடைசில இன்னொரு அறிவிப்பு, இந்த தடவ 13 லட்சம் கார். அதுல எஸ்பிசி மட்டும் இல்ல, ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ரெகுலேட்டர், பேட்டரி கன்ட்ரோல் யூனிட் சாஃப்ட்வேர்னு பல விஷயம் ஒரே கூடைல வந்துச்சு. மெர்சிடஸ் வரலாற்றுலயே அவ்ளோ பெரிய ரீகால் அதுவரைக்கும் நடந்ததில்ல. டெய்ம்லர்கிரைஸ்லர் அப்ப ஏற்கனவே குவாலிட்டி விஷயத்துல அடி வாங்கிட்டு இருந்த நேரம், தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் அந்த வருஷத்தோட வெளிய போனாரு. எஸ்பிசியாலதான் போனாருன்னு சொல்ல வரல, அவருக்கு வேற பெரிய பிரச்சனைங்க இருந்துச்சு.

2006ல டபிள்யூ211 ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே மாடலோட புதுப்பிச்ச வடிவம், வந்தப்ப எஸ்பிசிய சத்தமில்லாம எடுத்துட்டு பழையபடி வேக்கம் பூஸ்டர் வச்ச ஹைட்ராலிக் பிரேக்கே போட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 2005ல வந்த டபிள்யூ221 எஸ்-கிளாஸ்லயே அடாப்டிவ் பிரேக்னு ஒண்ணு குடுத்துட்டாங்க, டிஸ்க்க துடைக்குறது, பேட்ட முன்கூட்டியே ரெடி பண்றது, மேட்டுல வண்டி பின்னாடி உருளாம பிடிக்குறதுன்னு எஸ்பிசிக்கு விளம்பரம் பண்ண சமாச்சாரத்துல நெறைய அதுலயே வந்துருச்சு, அதுவும் சாதாரண ஹைட்ராலிக் பிரேக்லயே. அப்ப இவ்ளோ நாளு எதுக்குடா அந்த கூத்துன்னு கேக்கத் தோணும். ஆனா ஆர்230 எஸ்எல்ல மட்டும் 2011 வரைக்கும் எஸ்பிசிய விடல, குறைவா ஓடுற வண்டில அது பிரச்சன இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். யூனிட்டோட மெமரில ஒரு கவுன்டர் இருக்கு, நாம பிரேக் மிதிக்குறத ஒவ்வொண்ணா எண்ணிட்டே இருக்கும். சுமார் 3,00,000 வந்ததும் சர்வீஸ் பிரேக், ஒர்க்‌ஷாப் போன்னு மெசேஜ், ஸ்கேனர் போட்டா சி249எஃப்னு ஒரு கோடு. ஏ7/3ங்கற ஹைட்ராலிக் யூனிட்டோட ஆயுள் முடிஞ்சுதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம். உடஞ்சுது, ஷார்ட் ஆச்சு, லீக் ஆகுதுன்னு ஒண்ணும் சொல்லாது, ஆயுள் முடிஞ்சுது அவ்ளோதான். பல ஓனருங்க குழம்புறது இங்கதான், ஏன்னா அந்த கட்டத்துல பிரேக் பழையபடி நல்லாவே பிடிக்கும், வண்டிய ஓட்டிப் பாத்த மெக்கானிக்கும் "ஒண்ணும் இல்ல சார், சென்சார் பிரச்சன"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு.

3,00,000ங்கறது எத்தன கிலோமீட்டர்? அத வண்டி ஓடுற ஊரு முடிவு பண்ணும். அண்ணா சாலைல காலைல ஒம்போது மணிக்கு ஓடுற வண்டி கிலோமீட்டருக்கு நாலு மிதின்னு வச்சா 75,000 கிலோமீட்டர்ல முடிஞ்சுது. ஹைவேல ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மிதின்னு வச்சா 6,00,000 வரைக்கும் போகும். அதனால ஓடோமீட்டர பாத்துட்டு "வண்டி கம்மியாதான் ஓடிருக்கு"ன்னு வாங்குறது இந்த மாடல்ல சுத்தமா செல்லாது, அம்பதாயிரம் ஓடுன சிட்டி வண்டியவிட ஒரு லட்சம் ஓடுன ஹைவே வண்டி இந்த விஷயத்துல இளசா இருக்கும்.

நிஜமா தேயறது எதுன்னா, பம்ப் மோட்டாரோட கார்பன் பிரஷ், அதாவது சுத்துற பாகத்துக்கு உரசி கரண்ட் குடுக்குற கரித்துண்டு. அப்புறம் அக்குமுலேட்டர்ல இருக்க கேஸ் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறையும். என்னோட வாதம் இதுதான்: எண்ணுனது தப்பில்ல, விமானத்துல கூட லேண்டிங் கியருக்கு எத்தன தடவ இறங்குச்சுன்னு எண்ணித்தான் மாத்துறாங்க, ஆனா இங்க எண்ணுன பொருளும் தேயற பொருளும் வேற வேற. தேயறது மோட்டார், எண்ணுறது பெடல. அக்குமுலேட்டர்ல கேஸ் நல்லா இருந்தா பல மிதிக்கு ஒரு தடவதான் மோட்டார் ஓடும். கேஸ் குறைஞ்சிருந்தா கிட்டத்தட்ட ஒவ்வொரு மிதிக்கும் ஓடும். இந்த ரெண்டு வண்டிக்கும் கவுன்டர் ஒரே நம்பரத்தான் காட்டும், பிரஷ் மட்டும் ஒண்ணுல பாதி, இன்னொண்ணுல தேஞ்சு செப்புல உரசிட்டு இருக்கும். அப்ப கவுன்டர் முடிஞ்ச வண்டில யூனிட் நல்லாவும் இருக்கலாம், கவுன்டர் முடியாத வண்டில மோட்டார் நாளைக்கே நிக்கவும் செய்யலாம். கம்பெனி என்ன பண்ணுச்சு, மோசமான கேஸ மனசுல வச்சு ஒரு நம்பர போட்டுருச்சு. பிரேக்ங்கறதால அந்த ஜாக்கிரதைய குத்தம் சொல்ல முடியல.

ஆனா குத்தம் சொல்ற இடம் வேற ஒண்ணு இருக்கு. தேயற பொருள் ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷும் மோட்டாரும். அத மட்டும் மாத்த கம்பெனி வழி வைக்கல. பம்ப், மோட்டார், வால்வு பிளாக், ஈசியூ எல்லாத்தையும் ஒரே பீஸா செஞ்சு அப்படியே முழுசாத்தான் மாத்தணும்னு வச்சாங்க, அதோட விலை இன்னைக்கு அந்த கார் செகண்ட் ஹேண்டுல போற விலைல ஒரு பெரிய பங்கு. புது கார் வாங்குன முதல் ஓனர் இத பாக்கவே மாட்டாரு, வாரண்டி காலத்துலயோ ரீகால்லயோ போயிருக்கும், இல்ல வண்டியவே வித்திருப்பாரு. மாட்டுறது மூணாவது நாலாவது ஓனர், ஆசைப்பட்டு கம்மி காசுக்கு பென்ஸ் வாங்குன ஆளு. அமெரிக்கால பிற்பாடு இந்த யூனிட்டுக்கு 25 வருஷம், கிலோமீட்டர் கணக்கே இல்லாம கவரேஜ நீட்டிச்சாங்க, அது அந்த ஊர்ல வித்த வண்டிக்கு. ஒரு பார்ட்டுக்கு கால் நூற்றாண்டு வாரண்டி குடுக்குற அளவுக்கு வந்துச்சுன்னா அவங்களே அத என்னவா நெனச்சாங்கன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

கம்பெனி வழி மூடுனா வெளில வழி தொறக்கும். காரோட டயக்னோஸ்டிக் சாக்கெட்டான ஓபிடில மாட்டி கவுன்டர பூஜ்யமாக்குற சின்ன டூல் ஆன்லைன்ல தாராளமா கிடைக்குது, அஞ்சு நிமிஷம், மெசேஜ் போயிடும், கடைக்காரர் காசு வாங்கிட்டு "முடிஞ்சுது சார்" ங்குவாரு. உண்மைல என்ன முடிஞ்சுது? தேஞ்ச பிரஷ் அப்படியேதான் இருக்கு, அது எவ்ளோ தேஞ்சிருக்கும்னு சொல்லிட்டு இருந்த ஒரே ஆளோட வாயையும் அடைச்சாச்சு, இனி அடுத்த எச்சரிக்க மோட்டார் நிக்கும்போதுதான். ரீசெட்டே கூடாதுன்னு நான் சொல்லல. யூனிட்ட கழட்டி, மோட்டார மாத்தி இல்லன்னா பிரஷ்ஷ மாத்தி, அக்குமுலேட்டர் பிரஷர டெஸ்ட் பண்ணி, பம்ப் எத்தன செகண்டுல பிரஷர் ஏத்துதுன்னு பாத்துட்டு அதுக்கப்புறம் கவுன்டர பூஜ்யமாக்குனா அது ரிப்பேர், அத செய்யுற ரீபில்டருங்க வெளிநாட்டுல பல பேரு இருக்காங்க. வேல எதுவும் பண்ணாம நம்பர மட்டும் மாத்துனா அது ஓடோமீட்டர திருப்புற மாதிரி மோசடிதான், என்ன, இதுல அடி வாங்குறது பாக்கெட் மட்டும் இல்ல.

புதுப்பேட்டை மாதிரி இடத்துல கழட்டுன யூனிட்ட வாங்கி மாட்டிக்கலாமேன்னு அடுத்து தோணும். கவுன்டர் காரோட மெமரில இல்ல, யூனிட்டுக்குள்ளயே இருக்கு, அதனால பழைய யூனிட் தன்னோட பழைய கணக்கையும் தூக்கிட்டுத்தான் வரும். அது 2,90,000ல நின்னுருந்தா உங்களுக்கு கிடைச்சது இன்னும் 10,000 மிதி. அதுவும் ஏற்கனவே யாராவது ரீசெட் பண்ணதா இருந்தா அந்த நம்பரையும் நம்ப முடியாது.

டபிள்யூ211 இங்க புனேல அசெம்பிள் ஆன வண்டி, இன்னைக்கு புது ஹேட்ச்பேக் விலைக்கும் கீழ கிடைக்குது, அதனால வாங்குற எண்ணம் இருக்கவங்களுக்கு இது. ஆர்சில வருஷம் 2006னு இருந்தா ரெண்டும் கலந்து வர்ற காலம், பேப்பர நம்பாம போனட்ட தொறந்து டிரைவர் பக்கம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல தடுப்பா இருக்க ஃபயர்வால்ல கறுப்பா வட்டமா பெரிய பூஸ்டர் டிரம் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஃபேஸ்லிஃப்ட், எஸ்பிசி கத உங்களுக்கு இல்ல. இல்லன்னா ரிமோட் சத்தம் கேளுங்க, ஒருதடவ ஓடி நின்னுச்சா, பிரேக்க நாலஞ்சு தடவ மிதிச்சா ஒவ்வொரு தடவையும் மோட்டார் எழுந்து ஓடுதான்னு கவனிங்க, ஓடுச்சுன்னா அக்குமுலேட்டர் மேல சந்தேகப்படுங்க. அப்புறம் சரியான ஸ்கேனர் இருக்க ஆள கூட்டிட்டுப் போய் எஸ்பிசி யூனிட்டுக்குள்ள போய் பிரேக் ஆப்பரேஷன் கவுன்ட் எவ்ளோன்னு படிக்கச் சொல்லுங்க, நூறு ரூவா ப்ளூடூத் ஸ்கேனர் அதுக்குள்ள போகாது. வண்டி இருபது வருஷப் பழசு, யூனிட் மாத்துன பில் இல்ல, கவுன்ட் மட்டும் ஐயாயிரம்னா யாரோ டூல் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், வெலையப் பேசுங்க, இல்ல விட்டுட்டு வாங்க.

இன்னொண்ணு, ஏற்கனவே வண்டி வச்சிருக்கவங்களுக்கு. செவப்பு பிரேக் மெசேஜ் வந்த ஒடனே யூனிட் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. இந்த சிஸ்டம் முழுக்க கரண்ட நம்பி இருக்குறதால டபிள்யூ211ல மெயின் பேட்டரி போக ஒரு துணை பேட்டரியும் வச்சிருக்காங்க, வோல்டேஜ் இறங்குனாலே எஸ்பிசி புலம்ப ஆரம்பிச்சுடும். கோடு சி249எஃப்னு வந்தா அது கணக்கு. வேற வோல்டேஜ் சம்பந்தப்பட்ட கோடா இருந்தா மொதல்ல ரெண்டு பேட்டரியையும் லோடு டெஸ்ட் பண்ணுங்க, ஆல்டர்னேட்டர் சார்ஜ் எவ்ளோ குடுக்குதுன்னு மீட்டர் வச்சு பாருங்க, பேட்டரி காசுல முடியற வேலைக்கு யூனிட் காசு குடுத்தவங்க நெறைய பேரு.